என்னைக் கேட்டுட்டு வெட்டுங்க

அவளை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏணியக்கா என்றால்தான் தெரியும். ஆள் நல்ல உயரம் என்பது ஒரு காரணம். எந்நேரமும் ஏணி மேலேயே நிற்பாள் என்பது இன்னொரு காரணம். வீடுகளுக்கு வர்ணம் பூசுவது அவள் தொழில். சுவரைச் சுரண்டி, பள்ளத்தையும் விரிசலையும் அடைத்துப் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன் மேல் இரண்டு பூச்சு கொடுத்து முடிப்பது வரை எல்லாம் தனியாகச் செய்வாள்.

இளம் வயதில் கட்டட வேலைக்குச் செங்கல் சுமக்கத்தான் போனாள். ஒருநாள் பெயிண்ட் ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் சும்மா கிடந்த ரோலரை எடுத்து ஒரு சுவரை முடித்து வைத்தாள். மேஸ்திரி வந்தார். சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பொம்பளை ஏணி ஏறினா பார்க்கிறவன் என்ன சொல்லுவான்?"

"கழுத்து வலிச்சா அவனே குனிஞ்சுக்குவான், மேஸ்திரி."

அன்று ஏறியவள்தான். ஐம்பது வயது தாண்டியும் இறங்கவில்லை.

அவள் கணவன் தையல்காரன். ஒரு கடையின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில், மெஷின் போட்டிருந்தான். பகல் முழுக்க ஊசியோடு பழகுகிறவனுக்கு ஆஸ்பத்திரி ஊசியைக் கண்டால் மட்டும் கண் இருட்டிக்கொண்டு வரும். பேச்சு குறைவு. வீட்டில் பேச வேண்டியதை எல்லாம் அவளே பேசிவிடுவாள் என்பதால் அவனுக்கு அது குறையாகவும் தெரியவில்லை.

அவளுக்கு ஒரே தம்பி. அவனுக்குப் பால்பல் விழுவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். அக்காதான் ஊட்டி, குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்விட்டு, அழுதால் அதட்டி வளர்த்தாள். அவன் தலையெடுத்து, மின்சாமான் கடை வைத்து, சொந்தமாக மாடிவீடும் கட்டிவிட்டான். கையில் நாலு காசு வந்ததும் அவனுக்கு ஒரு பழக்கமும் கூடவே வந்தது. அக்காவுக்கு எது நல்லது என்று அக்காவுக்கு முன்பே அவன் முடிவு செய்துவிடுவான். பாசம்தான். ஆனால் பாசம் சில நேரம் மூக்கணாங்கயிறு மாதிரி இழுக்கும்.

அந்தப் புது வீட்டுக்கு வர்ணம் பூசும்போதுதான் அது நடந்தது.

மாடிப்படிக்கு மேலே உயரமான சுவர் ஒன்று பாக்கி இருந்தது. தரையில் அப்போதுதான் பளபளவென்று கல் பதித்திருந்தான் தம்பி. ஒரு சொட்டு வர்ணம் பட்டுவிடக் கூடாதென்று தரை முழுக்க பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து வைத்திருந்தான்.

"டேய், ஏணிக் காலுக்கு அடியில இதைப் போடாத. வழுக்கும். பழைய சாக்கு இருந்தா கொண்டா."

"சாக்குல இருந்து தூசி விழும் அக்கா. கொஞ்ச நேரம்தானே, பார்த்து ஏறு."

அவளும் கொஞ்ச நேரம்தானே என்று ஏறினாள். பாதி சுவர் முடிவதற்குள் ஏணியின் கால் ஷீட்டோடு சறுக்கிக்கொண்டு போனது. அவள் குதித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். வலது பாதம் மாடிப்படியில் ஊன்றியது. உடம்பு வேறு பக்கம் திரும்பியது. முட்டிக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் ஸ்விட்ச் மாட்டிக்கொண்டிருந்த தம்பிக்கே அது கேட்டதாம். வர்ண வாளி உருண்டு, அவன் காப்பாற்ற நினைத்த கல்லையெல்லாம் நனைத்துக்கொண்டு ஓடியது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

முட்டி அன்றைக்கே பூசணிக்காய் மாதிரி வீங்கியது. வீக்கம் வடிந்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். அறுவை மருத்துவரைப் பார்க்க மூன்று பேரும் போனார்கள்.

மருத்துவர் வயது அதிகமில்லாதவர். வேகமான மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஸ்கேன் படத்தைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"முட்டிக்குள்ள முக்கியமான ஜவ்வு ஒண்ணு இருக்கு. அது இவங்களுக்கு முழுசா அறுந்துபோயிருக்கு. இவங்க உடம்புல இருந்தே ஒரு நார் எடுத்து அந்த இடத்துல வெச்சிடலாம். வியாழக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் காலியா இருக்கு."

"பண்ணிடுங்க டாக்டர்," என்றான் தம்பி.

தையல்காரன் தலையை ஆட்டினான். அவனுக்கு 'தியேட்டர்' என்ற சொல்லிலேயே வியர்த்துவிட்டது.

நர்ஸ் உள்ளே வந்து, மடித்த பச்சை அங்கியை ஏணியக்காவின் மடியில் வைத்து, வியாழக்கிழமை காலையில் எதுவும் சாப்பிடாமல் வரவேண்டும் என்று தையல்காரனிடம் சொன்னாள்.

ஏணியக்கா அங்கியைப் பார்த்தாள். மூன்று பேர் பேசி முடித்துவிட்டார்கள். நாலாவது ஆளாக நர்ஸும் பேசிவிட்டாள். முட்டிக்குச் சொந்தக்காரி மட்டும்தான் பாக்கி.

"டாக்டர், முட்டி இந்தப் பக்கம் இருக்கு."

மருத்துவர் திரும்பினார். "சொல்லுங்கம்மா."

"ஆபரேஷன் பண்ணலைன்னா என்ன ஆகும்?"

"அக்கா, நீ சும்மா இரு," என்றான் தம்பி. "அவர் எத்தனை முட்டி பார்த்திருப்பாரு. உனக்கு அதெல்லாம் சொன்னா புரியுமா?"

"ஆட்டைக் கேட்டுட்டா மசாலா அரைக்கிறாங்கன்னு சொல்றியா?"

"அப்படிச் சொல்லல…"

"அப்படித்தான் சொல்ற. டாக்டர், வெட்டறதுன்னா வெட்டுங்க. வேண்டாங்கல. ஆனா என்னைக் கேட்டுட்டு வெட்டுங்க."

மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. களைப்பாகத்தான் சொன்னார். "வெளிய பெரிய கூட்டம் உட்கார்ந்திருக்கும்மா. இதையெல்லாம் விளக்கிட்டு இருந்தா அவங்களை நான் எப்பப் பார்க்கிறது?"

"நியாயம்தான். அவங்க எல்லாரையும் முடிச்சிட்டு வாங்க. நான் வெளிய உட்கார்ந்திருக்கேன்."

பச்சை அங்கியை மேஜை மேல் வைத்துவிட்டு, ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள். வரிசையாகக் கிடந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து எதிர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

தம்பி வெடித்தான். "நல்ல டாக்டர்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சு, தேதி வாங்கிக் கூட்டிட்டு வந்தா, இப்படியா மானத்தை வாங்குவ?"

"உன் மானத்தை நீ பத்திரமா வீட்டுக்குக் கொண்டு போ. முட்டியை நான் பார்த்துக்கறேன்."

அவன் போய்விட்டான். தையல்காரன் போகவில்லை. டீ வாங்கி வந்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டீ வாங்கி வந்தான். அவனுக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் வெளியே வந்தார்கள். ஒரு பெரியவர், "என்னம்மா, டாக்டர் பார்க்க மாட்டேன்னுட்டாரா?" என்று கேட்டார்.

"பார்த்துட்டாரு. இன்னும் கேட்கலை, அவ்வளவுதான்," என்றாள்.

வெயில் தாழ்ந்தபோது நாற்காலிகள் காலியாகியிருந்தன. மருத்துவர் தோளில் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவளைக் கண்டு நின்றார். உண்மையாகவே உட்கார்ந்திருப்பாள் என்று அவர் நினைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு பையைக் கழற்றி வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கேளுங்கம்மா."

"பண்ணா என்ன, பண்ணலைன்னா என்ன, கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன? இந்த மூணுதான் எனக்குத் தெரியணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு காலையில் இருந்த வேகம் இல்லாமல் சொன்னார். இப்போதே செய்தால் முட்டி உறுதியாக நிற்க வாய்ப்பு அதிகம். ஆனால் தேறி வந்து வேலைக்கு ஏற ஒரு வருஷம்கூட ஆகலாம். அறுவை என்றால் அதற்கே உள்ள ஆபத்துகளும் உண்டு. செய்யாமல், தொடைத் தசைகளை மட்டும் பலப்படுத்தியே நன்றாக நடமாடுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். முதலில் பயிற்சி செய்து பார்த்து, அது போதாமல் திரும்பி வந்து அறுவை செய்துகொள்கிறவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

"நான் எந்தக் கூட்டம்?"

"தெரியாதும்மா. முன்கூட்டியே சொல்ல எனக்கு வழியில்லை."

அவளுக்கு முதன்முதலாக அந்த மனிதரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

"தள்ளிப் போட்டா எதாவது கெட்டுப்போகுமா?"

"அறுந்த ஜவ்வு இனிமே அறுந்துபோறதுக்கு ஒண்ணுமில்லை. ஆனா பிடிப்பு இல்லாத முட்டி, திடீர்னு ஒருநாள் மடங்கும். அப்படி மடங்கும்போது உள்ள குஷன் மாதிரி ஒண்ணு இருக்கு, அது கிழியலாம். அதான் என் பயம். அதுவும் உங்களுக்கு ஏணி வேலை."

"காலையிலயே இதைச் சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

"நீங்க…" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "ஆமா. கேட்டீங்க."

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஆபரேஷன் பண்ணிப்பேன்."

"நீங்க ஏணி ஏறுவீங்களா?"

"பல்பு மாத்தக்கூட ஏற மாட்டேன்."

அவள் சிரித்தாள். தையல்காரனும் அன்று முதல் தடவையாகச் சிரித்தான்.

"டாக்டர், சுவர்ல விரிசல் விட்டா நாங்க உடனே இடிக்க மாட்டோம். முதல்ல பட்டி பார்ப்போம்."

"பட்டி பார்த்த விரிசல் திரும்ப வரும்ல?"

"வரும். வந்தா இடிப்போம்."

"சரி. ஆனா மூணு விஷயம் நீங்க ஒத்துக்கணும். நான் சொல்ற இடத்துல ஒழுங்காப் பயிற்சி. நான் சொல்ற வரைக்கும் ஏணி கிடையாது. கால் ஒரு தடவை மடங்கினாலும் மறைக்காம இங்க வரணும்."

"இது பேரம். இப்படிப் பேசினா எனக்குப் புரியும்," என்றாள் அவள்.

செய்தி பரவியதும் ஆளாளுக்கு வந்து புத்தி சொன்னார்கள். தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்று சாதிக்கிறவள் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி, தன் ஒன்றுவிட்ட அக்காள் ஒருத்தி மருத்துவர் பேச்சைக் கேட்காமல் கண்பார்வை போன கதையைச் சொன்னாள். "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் ஏன் முடிச்சுப் போடற?" என்று ஏணியக்கா கேட்டதற்கு அவள் கோபித்துக்கொண்டு போனாள். தம்பி பேச்சையே நிறுத்திவிட்டான். தினமும் வீட்டு வாசல் வரை வண்டியில் வருவான், மாமாவிடம் பழம் கொடுப்பான், உள்ளே எட்டிப் பார்க்காமல் போய்விடுவான்.

பயிற்சி நிலையத்தில் இருந்த பிசியோ பெண் ஒல்லி. ஆனால் குரலில் ஒரு படையே இருந்தது. முதல் நாளே கேட்டாள்.

"இந்த முட்டியை வெச்சு நீங்க என்ன செய்யணும் அக்கா?"

"ஏணி ஏறணும். ஒரு கையில வாளியைப் பிடிச்சுக்கிட்டு, திரும்பி, எட்டி அடிக்கணும். சுவரும் தரையும் சேர்ற இடத்துல முட்டி போட்டு உட்கார்ந்து அடிக்கணும். அப்புறம் சாயங்காலம் நடந்து வீட்டுக்குப் போகணும்."

"அப்ப அதுக்குத்தான் வேலை கொடுக்கணும்," என்றாள் அவள்.

அதன் பிறகு நடந்ததைப் பயிற்சி என்று சொல்வது மரியாதைக்காகத்தான். சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்வது. ஒற்றைக் காலில் நிற்பது. நின்றுகொண்டே பந்தைப் பிடிப்பது. ஆயுள் முழுக்கச் சுவர்களுக்கு உழைத்தவள், ஒரு சுவர் தன்னை இப்படி வேலை வாங்கும் என்று நினைத்ததே இல்லை. தொடை நடுங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். வீட்டில் செய்யும்போது எண்ணுவது தையல்காரன் வேலை. அவள் முகம் சுருங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவன் இடையில் இரண்டு மூன்று எண்ணைத் தாண்டிவிடுவான்.

"ஆறுக்கு அப்புறம் ஒன்பதா? உங்க டேப்ல அப்படித்தான் போட்டிருக்கா?"

"வலிக்குதேன்னு…"

"வலி எனக்கு. எண்ணிக்கை உங்களுக்கு. அவங்கவங்க வேலையை ஒழுங்காப் பார்ப்போம்."

கால் தேறியது. ஊன்றுகோல் மூலைக்குப் போனது. வீங்காமல் நடந்தாள், மாடி ஏறினாள். பிசியோ பெண் சம்மதித்த பிறகு, தரையில் நின்று செய்கிற வேலைக்கு மட்டும் போனாள். கூட்டாளி ஒருத்தி மேலே அடிக்க, இவள் கை எட்டுகிற உயரம் வரை அடித்தாள். பார்த்தவர்கள் எல்லாம் இப்போது வேறு பாட்டுப் பாடினார்கள். அவள் சொன்னதுதான் சரி என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

பிறகு ஒரு மதியம், ஒரு பள்ளிக்கூடத்தின் படிக்கட்டில் வாளியோடு இறங்கிக்கொண்டிருந்தபோது, யாரோ கூப்பிட்டார்கள் என்று சட்டென்று திரும்பினாள். முட்டி மடங்கி, கால் நழுவியது. வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. தன் காலே தன்னைக் கைவிட்டுவிட்ட பயம். கைப்பிடியைப் பற்றிக்கொண்டதால் விழவில்லை. வாளிதான் விழுந்தது. படி படியாக நீலம் வழிந்து இறங்கியது.

அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். விழுந்த நாளிலிருந்து அவள் அழுதது அந்த ஒரு தடவைதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு படியையும் துடைத்தாள்.

மறைக்கவில்லை. பேரம் பேரம்தான். ஆனால் மருத்துவரிடம் போவதற்கு முன்பே செய்தி தம்பிக்குப் போய்விட்டது. இத்தனை நாள் வாசலோடு போனவன் அன்று உள்ளே வந்தான். வந்ததும் கத்தினான்.

"சொன்னேன்ல? அன்னைக்கே பண்ணியிருந்தா இந்நேரம் ஓடியிருப்ப. பிடிவாதம், பிடிவாதம்! யார் பேச்சையும் கேட்கக் கூடாது உனக்கு!"

அவள் முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் கத்திக் கத்தி ஓய்ந்து, அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான். குரல் மாறியது.

"அந்த ஷீட்டைப் போட்டது நான்தானே அக்கா."

இத்தனை மாதமாக அவன் முதுகில் என்ன உட்கார்ந்திருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. சீக்கிரம் ஆபரேஷன், சீக்கிரம் சரியாகிவிட வேண்டும், சீக்கிரம் அந்த நாள் இல்லாமல் போய்விட வேண்டும். அவன் அவசரம் முட்டிக்காக மட்டும் இல்லை.

"ஷீட் போட்டது நீ. ஏறினது நான். வழுக்கும்னு தெரிஞ்சே ஏறினேன். உன் பங்கை நீ எடுத்துக்கோ, வேண்டாங்கல. என் பங்கையும் சேர்த்துத் தூக்காத. அது என்னோடது."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இப்ப என்ன பண்ணப் போற?"

"கேட்கப் போறேன்."

இந்தத் தடவை மருத்துவர் அவள் உள்ளே நுழைந்ததுமே நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். புது ஸ்கேனைக் காட்டினார். குஷனில் ஒரு ஓரத்தில் சின்னக் கிழிசல்.

"தள்ளிப் போட்டதாலதான் வந்ததா?" என்று கேட்டாள்.

"இருக்கலாம். இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

தம்பி வாயைத் திறந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கையை மட்டும் தூக்கினாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"சரி டாக்டர். தெரிஞ்சு எடுத்த முடிவு. அந்தக் கிழிசல் என் பேர்ல இருக்கட்டும். இப்ப என்ன வழி இருக்கு?"

ஏணியை விட்டுவிட்டு, திடீரென்று திரும்பாமல், முட்டியைச் சுற்றிப் பட்டை போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டலாம் என்றார். பல பேர் இந்த வயதில் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், அதில் தப்பும் இல்லை என்றார். அல்லது அறுவை. கிழிசலையும் அதோடு சேர்த்துச் சரிசெய்யலாம். தேறுவதற்கு மறுபடியும் நெடுங்காலம் ஆகும். முழு உத்தரவாதம் யாரும் தர முடியாது. ஒரு நல்ல சேதி, இத்தனை மாதப் பயிற்சியில் அவள் தொடை நல்ல பலமாக இருக்கிறது. அது வீண்போகாது.

"ஏணியை விட்டா நான் யாருங்க?" என்றாள். யாரைப் பார்த்துக் கேட்டாளோ தெரியவில்லை. தையல்காரன்தான் பதில் சொன்னான்.

"நீ ஏணியை விட்டாலும் எனக்கு நீதான். ஆனா உனக்கு நீ யாருன்னு நீதான் சொல்லணும்."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"பண்ணிக்கறேன் டாக்டர்," என்றாள்.

தம்பியால் அடக்க முடியவில்லை. "இதைத்தானே அக்கா நான் முதல் நாளே சொன்னேன்?"

"இல்லைடா. அன்னைக்கு நீ எனக்கு ஆபரேஷன் பண்ணச் சொன்ன. இன்னைக்கு நான் பண்ணிக்கறேன்."

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கும்மா. புதுசா வெக்கிற நாரை ரெண்டு இடத்துல இருந்து எடுக்கலாம். நான் வழக்கமா முட்டிக்கு முன்னாடி இருந்து எடுப்பேன். உறுதியா இருக்கும். ஆனா சில பேருக்கு அப்புறம் முட்டி போட்டு உட்கார்ந்தா வலி இருக்கும். இல்லைன்னா தொடைக்குப் பின்பக்கத்துல இருந்து எடுக்கலாம். அதுல பின்தொடை கொஞ்ச நாள் பலவீனமா இருக்கும். உங்க வேலையில முட்டி போடறது உண்டா?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சொன்ன அந்த வியாழக்கிழமையே அறுவை நடந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அவரும் அதையே நினைத்தார் போலிருக்கிறது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாதி நாள் முட்டி போட்டுத்தான் இருப்பேன் டாக்டர். சுவர் அடியை யார் அடிக்கிறது?"

"அப்ப பின்பக்கம்?"

"பின்பக்கம்."

அறுவை நடந்தது. முடிந்த மறுநாள் வலியில் அவள் உலகத்தையே திட்டினாள். தன்னைக் கேட்டுவிட்டு வெட்டியவரையும் சேர்த்துத்தான் திட்டினாள். அவர் நின்று கேட்டுவிட்டு, "இதுல எனக்குப் பாதிதான் பங்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடியும் அந்த ஒல்லிப் பெண், மறுபடியும் சுவர். இந்தத் தடவை பின்தொடை சண்டை பிடித்தது. குதிகாலை இழுக்கும்போது கயிறு முறுக்கினாற்போல வலித்தது. புது நார் ஊறிப் பிடிக்கும் முன்பு ஏறினால் அறுந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். எத்தனையோ தடவை கை துறுதுறுத்தது. அவள் ஏறவில்லை. அடுத்தவர் போட்ட வேலியாக இருந்தால் எப்போதோ தாண்டியிருப்பாள். இது அவளே ஒத்துக்கொண்டது.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, ஒருநாள் பிசியோ பெண், நிலையத்தின் பின்னறையில் இருந்து ஒரு ஏணியைக் கொண்டுவந்து நடு அறையில் நிறுத்தினாள். ஏறச் சொன்னாள், திரும்பச் சொன்னாள், ஒற்றைக் கையில் எட்டச் சொன்னாள், இறங்கச் சொன்னாள். பிறகு தன் முழங்கையை மடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போங்க அக்கா, இனிமே இங்க வராதீங்க," என்றாள்.

முன்பு வேலை கொடுத்துவந்த ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் போனாள். அவர் அன்பாகத்தான் வரவேற்றார்.

"வாங்க வாங்க. உங்களுக்குக் கஷ்டமே இல்லாத வேலையா வெச்சிருக்கேன். கீழ நின்னு கலர் கலந்து குடுங்க, போதும். மேல ஏற ஆள் இருக்கு."

"நான் ஏறுவேன்."

"எதுக்கு ரிஸ்க்? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதுக்கு நானே ஆளு இருக்கேன். நீங்க வேற தனியா ஆள் போட வேண்டாம்."

அந்த இடத்தில் வேலைக்குச் சேரவில்லை. தானாகவே ஒரு வேலை பிடித்தாள். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் வாசல் கூடம். உயரமான கூரை, ஒளி விழுந்தால் சின்ன அலைகூடத் தெரியும் பெரிய சுவர். பழைய கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டாள். பாதி சுவர் கூட்டாளிக்கு, மீதி இவளுக்கு.

முதல் நாள் தையல்காரன் கடையைச் சாத்திவிட்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் ஏறினாள். ஒவ்வொரு படியிலும் முட்டி என்ன சொல்கிறது என்று காது கொடுத்தாள். அது முன்போல இல்லை. குளிர்ந்த காலையில் கொஞ்சம் முனகும். முழுசாகக் குந்தி உட்கார விடாது. அதற்கெல்லாம் அவள் பழகிக்கொண்டாள். மேலே போய், உடம்பைத் திருப்பி, எட்டி, முதல் இழுப்பு இழுத்தாள். ரோலர் சரசரவென்று போனது. முட்டி நின்றது.

அந்த வழியாக வந்த குடியிருப்புக்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "இந்த வயசுல ஏங்க இவ்வளவு உயரம்? யாராவது சின்னப் பசங்களை விடக் கூடாதா?" என்று தையல்காரனிடம் கேட்டார்.

தையல்காரன் மேலே கையைக் காட்டினான்.

"ஆளு அங்க இருக்காங்க சார். அவங்களைக் கேளுங்க."

அவர் கேட்கவில்லை. லிப்டுக்குள் போய்விட்டார். மதியத்துக்குள் அவள் தன் பாதியின் கூரை ஓரம் முழுவதையும் முடித்தாள். இறங்கி, தண்ணீர் குடித்து, ஏணியைத் தள்ளி வைத்துவிட்டு, சுவர் அடியை அடிக்கத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.